அமிர்தத்தைப் பற்றித் தலைவர் சொன்னது

கல்லில் வரி ஏறிவிட்டது, அடியில் பேர் வெட்டுவதுதான் பாக்கி என்று தஞ்சாவூர்ப் பட்டறையிலிருந்து போன் வந்தபோது செம்மொழி கொல்லையில் உட்கார்ந்து கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கண்ணே. நான் சொன்னப்பறம் பேரை வெட்டுங்க" என்றாள். சொல்லி முடித்ததும், அப்படிச் சொல்லத் தனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று அவளுக்கே திக்கென்றது.

அம்மா அமிர்தம் ஆவணி மாதம் போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் குடும்பம் என்பதால் கருமாதி, எள்ளுத் தண்ணீர் எதுவும் கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க் களத்தில் படத்திறப்பு. படத்துக்குக் கீழே, கொடிமரத்தை ஒட்டி ஒரு கருங்கல் நடுவதென்று அண்ணன் வளவன் ஏற்பாடு செய்திருந்தான். சென்னையில் லிப்ட் மாட்டும் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். எதையும் உயரமாக நிறுத்திப் பார்க்க வேண்டும் அவனுக்கு.

கல்லில் வெட்டிய வரி இதுதான்: 'வரப்பேறிய அமிர்தத்தின் பின்னால்தான் நாம் எல்லோரும் நடக்கிறோம்.'

அதற்கு அடியில் வர வேண்டியது தலைவரின் பேர். வடக்கிலிருந்து வந்தவர். நாடே அறிந்தவர், பாடப் புத்தகத்தில் இருப்பவர். வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கமில்லை. தலைவர் என்றால் அவர்தான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. சம்பா நடவு. கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை வரப்போரத்துப் பூவரச மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார்கள். உச்சிவேளை வரை மேலே ஏறக் கூடாது என்பது பெரிய வீட்டுக் காரியக்காரர் போட்ட சட்டம். தூளியில் பிள்ளை கத்தும், இங்கே மாரில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும், குனிந்தபடியே நட வேண்டும். அன்றைக்குக் கத்தியது வளவன். அமிர்தம் கையிலிருந்த நாற்றுமுடியைச் சேற்றிலேயே வைத்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வரப்பேறினாள். தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தூளியில் அழுத பிள்ளையையும் எடுத்து அணைத்துக்கொண்டாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லாரும் ஏறினார்கள். நடவு நின்றது. அந்த வட்டாரம் முழுக்க நின்றது. அதற்கப்புறம்தான் சந்தைத் திடலில் பெரிய கூட்டம். தலைவர் வந்தது அதற்குத்தான். வந்த இடத்தில் அமிர்தத்தைப் பேர் சொல்லி அந்த வார்த்தையைச் சொன்னார்.

அப்பா இராஜாங்கம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில், டீக்கடையில், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் தலைமையாசிரியரிடம்கூட. "இது அமிர்தத்தோட பொண்ணு சார். தலைவரே சொன்னாருல்ல…" என்று ஆரம்பிப்பார். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படிப்பட்ட வரியின் மேல் சந்தேகப்பட வேண்டும் என்று செம்மொழிக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. சங்கத்து மாத இதழ்க்காரர்கள்தான் போனில் கேட்டார்கள்: "தோழர், அந்தக் கூட்டம் என்னைக்கு நடந்துச்சு, பேச்சு எதுல வந்திருக்குன்னு குடுங்க. போட்ருவோம்." அது அவளிடம் வந்து சேர்ந்தது. ஏனென்றால் அவள்தான் அந்த மாதிரி ஆள்.

பகலில் விதைக் கடையில் பில் போடும் வேலை. சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளியில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு பொன்மொழி வரும். உதய சூரியன் படம், கீழே காந்தி பேரோ நேரு பேரோ கலாம் பேரோ. ஒரு நாள் ஒரே வாசகம் திங்கட்கிழமை காந்தி பேரிலும் வியாழக்கிழமை லிங்கன் பேரிலும் வந்தது. மற்றவர்கள் இரண்டு நாளும் கும்பிடு போட்டார்கள். செம்மொழி மட்டும் தேட ஆரம்பித்தாள். எங்கே சொன்னார், எப்போது சொன்னார், பக்கத்திலிருந்து கேட்டவர் யார். இந்த மூன்றும் கிடைக்காவிட்டால் 'உறுதியாகவில்லை' என்று தன் டைரியில் எழுதுவாள். பொய் என்று எழுத மாட்டாள். தனக்குத் தெரியாமல் எங்கோ இருந்துவிட்டால்? வகுப்பில் கூடப் படிக்கும் ஆஸிம் அவளுக்கு 'ஆதாரம் அம்மையார்' என்று பட்டமே வைத்திருந்தான். "குட்மார்னிங் சொல்லலாமா, இல்ல அதுக்கும் ஆதாரம் வேணுமா?" என்பான்.

தஞ்சாவூர் நூலகத்தில் தலைவரின் பேச்சுத் தொகுதி இருந்தது. லீவு போட்டுப் போனாள். சந்தைத் திடல் பேச்சு ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். நில உச்சவரம்பு, உர விலை, காவிரி, உலக வங்கி. அமிர்தம் இல்லை. வரப்பு இல்லை. மறுபடி படித்தாள். தன் இங்கிலீஷ் போதவில்லையோ என்று அகராதி வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். இல்லை.

பட்டறைக்காரரைப் பொறுக்கச் சொன்ன அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டாள். கெண்டைக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"எழுதுனவன் வுட்ருப்பான்" என்றார் இராஜாங்கம், சோற்றைப் பிசைந்தபடி.

"இருக்கலாம்ப்பா. ஆனா இன்னொன்னு. தலைவரு தமிழ்ல பேசல. இங்கிலீஷ்லதான் பேசிருக்காரு."

"எனக்குத் தமிழ்லதான் கேட்டுச்சு."

"நீங்க எங்க நின்னீங்க?"

"சந்தப்பேட்ட புளியமரத்தடில. கூட்டத்துல உள்ளாற போவ முடியல. மரத்துல கட்டியிருந்த ஸ்பீக்கர் கொழாயிலேர்ந்து கேட்டுச்சு. அமிர்தம்னு கேட்டுச்சு. நான் என்ன செவிடனா?"

வளவன் வீடியோ காலில் இருந்தான். "ஏய், உனக்கு வேற வேலயே இல்லியா? அம்மாவப் பத்தி ஒரு நல்ல வார்த்த இருக்கு, அதயும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணுமா?"

"கல்லுலண்ணே. கல்லுல வெட்டுறோம். நாளைக்கி எவனாவது இல்லன்னு காட்டுனா அம்மாவப் பாத்துத்தான சிரிப்பான்?"

"எவன் காட்டப் போறான்? ஒன்னத் தவிர எவனுக்கு இந்தக் கிறுக்கு இருக்கு?"

இராஜாங்கம் பாதிச் சோற்றில் எழுந்தார். கை கழுவிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "அவளுக்குன்னு நான் ஒரு கம்மல்கூட வாங்கிப் போடல. இந்த ஒத்த வார்த்ததான் இருந்துச்சு."

செம்மொழி டைரியில் அன்று எதுவும் எழுதவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு ராமாயி சின்னம்மா கீரை ஆய்ந்துகொண்டே வழி காட்டினாள். அம்மாவோடு ஒரே நடவுக் கும்பலில் நின்றவள். "அன்னைக்கி ஒங்கம்மா ஏம் பக்கத்துலதான் ஒக்காந்துருந்தா. பேரச் சொன்னதும் எந் தொடையில கிள்ளி, 'என்னையாடி சொல்றாங்க?'ன்னா. 'ஒன்னயத்தாண்டி'ன்னேன். அப்பறம் நாங்க போட்ட கொலவையில அடுத்து என்ன பேசுனாங்கன்னு எவளுக்குக் கேட்டுச்சு? யாரு சொன்னாங்கன்னு மேடைய எவ பாத்தா? நீ மைக்செட்டுக்காரரு வூட்ல கேளு. எல்லாக் கூட்டத்தயும் டேப்புல புடிச்சு வச்சுக்குவாரு அந்த பாயி."

மைக்செட் உபைதுல்லா இறந்து பல வருஷமாகிறது. மகன் முபாரக் இப்போது டிஜே பெட்டி வாடகைக்கு விடுகிறார். கடையின் பரண் மேல் அத்தாவின் கேசட்டுகள் பிஸ்கட் டின்களில் கிடந்தன. "அத்தா தூக்கிப் போட வுடமாட்டாரு. அவரு போனப்பறம் எனக்கும் மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே தும்மித் தும்மித் தேடினார். அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து மறுபடி தேடினார். கிடைத்தது. டேப்பில் பூஞ்சை பூத்திருந்தது. பஞ்சால் துடைத்து, பென்சிலை விட்டுச் சுற்றி, பழைய செட்டில் போட்டார்.

முதலில் இரைச்சல். பிறகு தலைவரின் இங்கிலீஷ், கனத்த குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தம். நிறுத்தத்தில் ஒல்லியான ஒரு இளங்குரல் தமிழில் சொல்லியது. உரம், வங்கி, காவிரி. செம்மொழி செட்டை ஒட்டிக் காதை வைத்திருந்தாள்.

தலைவர் இங்கிலீஷில் சொன்னார்: இந்த மாவட்டத்துப் பெண்களின் துணிச்சலை நான் வணங்குகிறேன். அவ்வளவுதான். நிறுத்தினார்.

இளங்குரல் உடனே தமிழில் சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் மைக்கில் விழுந்தது. பிறகு: "வரப்பேறிய அமிர்தத்தின் பின்னால்தான் நாம் எல்லோரும் நடக்கிறோம்!"

குலவை எழுந்தது. நூறு இருநூறு பெண்களின் குலவை, ஒலிபெருக்கியைக் கிழித்துக்கொண்டு. அது உச்சிக்கு ஏறும்போதே டக்கென்று நின்றது. டேப்பின் முதல் பக்கம் தீர்ந்துவிட்டது. மறுபக்கம் போட்டால், உபைதுல்லா பாய் கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் கூட்டம் அடங்கி, பேச்சு நதிநீர்ப் பங்கீட்டில் இருந்தது.

செம்மொழி திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். போனில் பிடித்து ஆஸிமுக்கும் அனுப்பினாள். அவனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அவன் எப்போதும் போலக் கிண்டல் செய்யவில்லை. "சந்தேகமே இல்ல செம்மொழி. தலைவர் உங்கம்மா பேரைச் சொல்லல" என்று மட்டும் பதில் வந்தது.

"பாய், இந்த மொழிபெயர்ப்புக் குரலு யாருன்னு தெரியுமா?"

முபாரக் சிரித்தார். "தெரியாம என்னா? எனக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தவரு. ரகுராமன் சாரு. ஒங்கூர்ப் பெரிய வீட்டுப் புள்ள."

அம்மா வரப்பேறியது அந்தப் பெரிய வீட்டு வயலில்தான்.

இராஜாங்கம் போனில் பிடித்த டேப்பை ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "அய்யரு வூட்டுப் புள்ள சொன்னதயா நான் இத்தன வருசமா ஊர் ஊரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? எவன் வயல்ல எம் பொண்டாட்டி மாரு கட்டி நின்னாளோ, அவன் பேர அவ கல்லுல போடவா?" குரல் ஏறவில்லை. அதுதான் செம்மொழிக்குப் பயமாக இருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். தேடாமலே இருந்திருக்கலாமோ என்று அவள் படியில் உட்கார்ந்தாள். அப்பாவிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்குப் பதில் கையில் வைக்க ஒன்றும் இல்லை.

காலையில் தூக்குவாளியில் டீயும் நான்கு பன்னும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். ராத்திரி மழை பெய்து குடமுருட்டியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. நடவு மெஷின் மறுநாள் வருகிறது. அதற்குள் வரப்பு அண்டை கழித்தாக வேண்டும். இராஜாங்கம் புல்லைச் செதுக்கி, சேற்றை அள்ளி வரப்பில் அப்பி, மண்வெட்டியின் முதுகால் மெழுகிக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் முழுக்க மெழுகிய வரப்பு வெயிலில் பளபளத்தது. டீயை வாங்கிக்கொண்டார். பன்னை நனைத்துத் தின்றார்.

"காரியக்காரரு கத்துனாருல்ல அன்னைக்கி" என்று அவராகவே ஆரம்பித்தார். "வாயில வராத பேச்செல்லாம் பேசுனாரு. நான் அடுத்த வயல்ல நாத்து சொமந்துக்கிட்டு நிக்கிறேன். ஓடி வாரேன். வரப்புல சைக்கிளப் புடிச்சிக்கிட்டு அந்தப் புள்ளயாண்டான் நின்னான். காலேஜு முடிச்சிட்டு வந்த புதுசு. வேட்டியெல்லாம் சேறு. காரியக்காரரு இவனப் பாத்து, 'சின்ன அய்யா, நீங்க சொல்லுங்க, எறங்கச் சொல்லுங்க'ங்கறாரு. அவன் வாயத் தொறக்கல. ஒங்கம்மாவயே பாத்துக்கிட்டு நின்னான். அப்பறம் சைக்கிள வயல்லயே எறக்கிட்டு, அவளுக்கு வரப்பு வுட்டு ஒதுங்கி நின்னான்."

செம்மொழி தயங்கித்தான் சொன்னாள். "அப்பா, தலைவரு அம்மாவப் பாத்ததே இல்ல. வரப்பயும் பாத்ததில்ல. அவரு சொல்லியிருந்தா யாரோ சொல்லிக் கேட்டுத்தான் சொல்லியிருப்பாரு. இவரு கண்ணால பாத்தவரு."

இராஜாங்கம் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். "போன் நம்பரு இருக்கா?"

முபாரக் கொடுத்திருந்தார். ரகுராமன் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருக்கிறார். செம்மொழி ஸ்பீக்கரில் போட்டாள். யார், எந்த ஊர் என்று அவள் சொன்னதுமே அந்தப் பக்கம் குரல் நிமிர்ந்தது.

"அமிர்தம் தவறிட்டாளா? எப்போ? ஐயோ, எனக்கு யாருமே சொல்லலையேம்மா."

அவள் கல்லைப் பற்றிச் சொன்னாள். வரியைச் சொன்னாள். அதை நீங்கள்தான் சொன்னீர்கள் என்றாள்.

"நானா? இல்லம்மா. தலைவர் சொன்னதைத்தான் நான் தமிழ்ல சொன்னேன். மொழிபெயர்க்கறவன் சொந்த சரக்கைச் சேர்க்கப்படாது. நான் வாத்தியார். அப்படியெல்லாம் செய்யமாட்டேன்."

"சார், ஒரு நிமிசம் கேளுங்க."

அப்பாவுக்கு அனுப்பியிருந்த பதிவை அவர் போனில் எடுத்து, தன் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டாள். வயல்வெளியில் இங்கிலீஷ் குரல். நிறுத்தம். மூச்சு. இளங்குரல். குலவை. டக்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள்.

"என் குரல் இவ்வளவு ஒல்லியாவா இருந்தது?" என்றார் ரகுராமன். பிறகு இருமினார். "அந்தக் கூட்டத்துக்கப்புறம் எங்கப்பா என்னோட பேசறதை நிறுத்திட்டார். 'நம்ம ஆத்து வயல்ல நடந்ததை மேடையேறிச் சொன்னியாமே'ன்னார். நான் சொல்லலைப்பா, தலைவர் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன்னேன். அவர் சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி… எனக்கே அப்படித்தாம்மா ஞாபகம் இருக்கு."

செம்மொழி அப்பாவைப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் தலைவரின் பேர் தேவைப்பட்டிருக்கிறது. இங்கே நெஞ்சை நிமிர்த்த; அங்கே தலையைக் குனிந்து தப்பிக்க.

இராஜாங்கம் வரப்பில் குந்தி போன் பக்கம் குனிந்தார். "சாரு, நான் இராஜாங்கம் பேசுறேங்க. அமிர்தம் வூட்டுக்காரன்."

"சொல்லுங்க இராஜாங்கம்."

"ஞாயித்துக்கெழம படம் தொறக்குறோம். வாங்க."

"நான் வரலாமா?"

"அன்னைக்கி வரப்பு வுட்டீங்கல்ல. வாங்க."

போனை வைத்தபின், கல்லில் என்ன பேர் போடுவது என்று செம்மொழி கேட்டாள். அவர் அதற்குள் மண்வெட்டியை எடுத்துவிட்டார். "எந்தப் பேரும் வாணாம். அவ பேருதான் வரியிலயே இருக்குல்ல." இரண்டு வீச்சு சேறு அப்பிய பிறகு, "கேக்குறவனுக்கு டேப்ப போடு" என்றார்.

வளவன் சென்னையிலிருந்து வந்ததும் ஒரு மூச்சு கத்தினான். பேர் இல்லாத கல் மொட்டையாக இருக்கிறது என்றான். போனில் பதிவைக் கேட்டான். தான் கத்தியதால்தான் அவள் வரப்பேறினாள் என்பதை அதுவரை ஒரு வேடிக்கையாகவே சொல்லிவந்தவன், ரொம்ப நேரம் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது. களத்தில் ஷாமியானா. சங்கத்து மாவட்டச் செயலாளர் படத்தைத் திறந்து பேசினார். பிறகு கல்லைப் பார்த்து, "இந்த வார்த்தையச் சொன்னது நம்ம தலைவர்னு…" என்று ஆரம்பித்தவர், செம்மொழி தலையை ஆட்டுவதைப் பார்த்து நிறுத்தினார். "என்ன தோழர்?"

அவளுக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. "தலைவர் சொல்லலங்க. நாங்க தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தோம். யாரு சொன்னாங்கன்னு நீங்களே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

முபாரக் டிஜே பெட்டியில் பழைய கேசட்டைப் போட்டார். களம் முழுக்க உரமும் வங்கியும் காவிரியும் அதிர்ந்தன. கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் மடித்த குடையுடன் ரகுராமன் உட்கார்ந்திருந்தார். தலைவர் பெண்களின் துணிச்சலை வணங்கினார். நிறுத்தினார். மூச்சு. ரகுராமன் எழுந்து நின்றுவிட்டார், வகுப்பில் பேர் கூப்பிட்ட பையன் மாதிரி.

"வரப்பேறிய அமிர்தத்தின் பின்னால்தான் நாம் எல்லோரும் நடக்கிறோம்!"

குலவை. ஏறியது. டக்.

படத்தின் மாலை காற்றில் ஆடியது. அப்போது பெண்கள் பக்கமிருந்து ராமாயி சின்னம்மா வாய்க்கு நேரே கையை வைத்தாள்.

"ஏ, சாவு வூட்ல கொலவ போடாதடி!" என்று யாரோ பதறினார்கள்.

"அன்னைக்கிப் போட்டது பாதியில நிக்குதுல்ல" என்றாள் ராமாயி. "அத முடிச்சிர்றேன்."

நாக்கைச் சுழற்றி, டேப் நின்ற அதே உச்சியிலிருந்து அவள் எடுத்தாள். அவள் குரல் தனியாக நடுங்கியது. பிறகு பக்கத்தில் இன்னொருத்தி சேர்ந்தாள், அப்புறம் இன்னொருத்தி. இராஜாங்கம் கல்லின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குலவை அடங்கி முடிகிற வரைக்கும், புளியமரத்தடியிலிருந்து அன்று தெரியாத அந்த மேடையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போல ரகுராமனையே பார்த்துக்கொண்டு நின்றார்.